நான்கு முழம் மல்லிகை

தம்பி,

உன் பெண்டாட்டியை ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் ஏற்றி அனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்புகிறேன். தலவாக்கலை ஸ்டேஷன் வரைக்கும் நானே கூடப் போய், இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். கேட்டது நடக்கிறதென்று அதற்குள் சந்தோஷப்பட்டுவிடாதே. பிள்ளையை விட்டுவிட்டு வரமாட்டாளோ என்று நீ பயந்துகொண்டிருந்தாய். விட்டுவிட்டுத்தான் வருகிறாள். அவளால் எப்படி அது முடிந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் அப்பா எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். இந்த வீட்டில் இருப்பது உன் அம்மாவின் போன். அவளுக்குக் காது மந்தம் என்று எப்போதும் சத்தமாகப் போட்டுத்தான் பேசுவாள். நீ அங்கிருந்து சொல்வதை நான் கேட்கிறேன், உன் பெண்டாட்டி நிரோஷா கேட்கிறாள், சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராக்காரர்களும் கேட்டுவிட்டு மறுநாள் குழாயடியில் எனக்கே திருப்பிச் சொல்கிறார்கள். நான் எழுத வந்த விஷயம் அப்படிப் பேசக்கூடியது இல்லை. சொல்லப்போனால் ஒரு மாமனார் எழுதக்கூடியதே இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுப்பதைப் பற்றி ஆம்பிளை எழுதுவதா என்று உன் அம்மா பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள். உன்னோடு கடையில் நிற்கும் பையன்கள் யாராவது இதைப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. அவர்களிலும் பாதிப் பேருக்கு மலையில் ஒரு பெண்டாட்டியும் பிள்ளையும் இருக்கும்.

நீ அவளைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று அவள் தோளில் பள்ளிக்கூடப் பைதான் இருந்தது. உள்ளே புத்தகமில்லை, இரண்டு உடுப்பு. சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வருமென்று காத்திருந்த பிள்ளை. வயது பதினேழு. லிந்துலையில் சித்தி வீட்டில் வளர்ந்தவள் என்றும், சின்ன வயதிலேயே அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாளென்றும், அப்பா வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டாரென்றும் நீதான் சொன்னாய். நான் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் அம்மா அழுதுகொண்டே தட்டைப் போட்டாள். நிரோஷா சாப்பிட்ட சத்தமே கேட்கவில்லை. சோற்றை விரலால் நகர்த்தி நகர்த்தி, நீ சாப்பிட்டு முடிக்கும்வரை தானும் சாப்பிடுவதுபோல் உட்கார்ந்திருந்தாள். வயது முடியாததால் கலியாணத்தைப் பதிய முடியாது என்றார்கள். கோயிலில் மஞ்சள் கயிறு கட்டினாய். வயிற்றில் பிள்ளை தங்கி ஐந்து மாதமிருக்கும்போது கொழும்புக்குப் போனாய். வேலைக்குப் போனதைக் குறை சொல்லவில்லை. இங்கே இருந்து நீ என்ன செய்திருப்பாய், அதுவும் எனக்குத் தெரியும்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நமக்கெல்லாம் வழக்கம். உன் அம்மாவும் உனக்காக அவளுடைய தாய் வீட்டுக்குத்தான் போனாள், மூன்று மாதம் கழித்துத்தான் உன்னை எனக்குக் காட்டினார்கள். அந்த மூன்று மாதமும் எதற்கு என்று நான் அப்போது யோசித்ததே இல்லை. பெண்டாட்டி இல்லாமல் சோறு பொங்கக் கஷ்டப்பட்டேன் என்பதுதான் எனக்கு ஞாபகம். நிரோஷாவுக்குப் போக வீடில்லை. அவளுடைய அம்மா குவைத்திலிருந்து போனில் குரல் பதிந்து அனுப்புவாள். வெந்தயம் சாப்பிடு, வெள்ளைப்பூண்டு சாப்பிடு, தலைக்குத் துணி கட்டிக்கொள் என்று சொல்லும் அந்தக் குரலை அவள் போனைக் காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு நேராக நம் காம்பராவுக்குத்தான் வந்தாள்.

நம் வீடு உனக்குத் தெரியும். லயத்து வரிசையில் ஒரே காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு, அதன் ஒரு மூலையில் அடுப்பு. நான் தேயிலைத்தூள் செய்யும் ஸ்டோரில் வேலையிலிருந்து நின்றபிறகு, இந்த நெஞ்சுச் சளியோடு குளிருக்குப் பயந்து நாள் முழுவதும் கட்டிலில்தான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேத்தி வந்ததும் எனக்கு இன்னும் சௌகரியமாகப் போயிற்று. பொழுது போக வேண்டுமே. பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நிரோஷா மூலையில் சேலை மறைப்புக்குப் பக்கத்தில் இருப்பாள். அடிக்கடி வாசலைப் பார்ப்பாள். உன்னைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று நினைத்து, "தம்பி தீவாளிக்கு வருவான்மா" என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளை அழ ஆரம்பித்தால் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். புகையில் அது இருமும், திரும்பத் தூக்கிக்கொண்டு வருவாள், தோளில் போட்டுத் தட்டுவாள். அழுது அழுது பிள்ளை தூங்கிவிடும். நல்ல பிள்ளை, சீக்கிரம் தூங்கிவிடுகிறது என்று நான் பெருமைப்பட்டேன்.

கிளினிக்கில் நிறுத்துப் பார்த்துவிட்டு நிறை ஏறவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைதானே, அவளுக்கு எங்கே பால் வரும், வந்தாலும் தண்ணியாகத்தான் இருக்கும் என்று பக்கத்துக் காம்பராவில் பேசினார்கள். அதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் உன் அம்மா என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க குந்துன எடத்தவிட்டு எந்திரிச்சாத்தானே அவ புள்ளைக்குக் குடுப்பா? மாமனாரு கண்ணுக்கு முன்னால எப்பிடிக் குடுப்பா?"

"நான் அந்தப் பக்கம் பாக்குறதே இல்லையே."

"நீங்க பாக்குறீங்கன்னு யாரு சொன்னா? நீங்க இருக்கீங்க. அதுதான்."

 நிரோஷா வாசலைப் பார்த்தது உனக்காக இல்லை, நான் எப்போது வெளியே போவேன் என்று பார்த்திருக்கிறாள். எழுந்து போங்கள் என்று எந்த மருமகள் சொல்லுவாள்? பால் ஊறி நெஞ்சு கட்டி வலித்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு என் முன்னால் தலையைக் குனிந்து இருந்திருக்கிறாள். கொடுக்காமல் வைத்திருந்தால் பால் குறையும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வயதுக்கு மேல் அது எனக்குத் தெரியாமலிருந்தது எனக்கே கோபமாக இருந்தது.

மறுநாளிலிருந்து நான் வெளியே போனேன். காலையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கோயில் பக்கம், வெயில் வந்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் படிக்கட்டு, மழையென்றால் கடை வாசல். மருமகளோடு சண்டையா, சோறு போடமாட்டேன் என்றுவிட்டாளா என்று கேட்காத ஆளில்லை. கடைக்காரன் ஒருநாள், "என்னண்ண, வீட்டுலேருந்து தள்ளிவெச்சிட்டாங்களா?" என்று சிரித்தான். ஆமாம், ஆறு மாசத்துக்கு என்று சொன்னேன். திரும்பி வரும்போது இஸ்தோப்புக்குக் கீழேயே நின்று இருமுவேன். இருமல்தான் எனக்குக் குறைவில்லையே. உள்ளிருந்து உன் அம்மா குரல் கொடுத்தபிறகு ஏறுவேன்.

பிள்ளை தேறிற்று. கையிலும் தொடையிலும் மடிப்பு விழுந்தது. அடுத்த கிளினிக்கில் மிட்வைப் மிஸ்ஸே கன்னத்தைக் கிள்ளினாளாம். நிரோஷாவும் மாறிவிட்டாள் தம்பி. இந்த வீட்டில் அவள் பாடி நான் கேட்டது அப்போதுதான். என்ன பாட்டென்று தெரியாது, வாய்க்கு வந்தபடி பிள்ளையின் பெயரை இழுத்து இழுத்துப் பாடுவாள். கீழே படியில் நின்று இரும மனசு வராமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்குச் சொந்தமென்று சொல்ல இந்த உலகத்தில் என்ன இருந்தது? அம்மா ஒரு போனுக்குள் இருந்தாள். நீ இன்னொரு போனுக்குள் இருந்தாய். பிள்ளை அழுதால் தன்னால் நிறுத்த முடியும், வேறு யாராலும் முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒன்றுதான் அவளை இங்கே நிமிர்ந்து உட்கார வைத்தது.

உனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள், அதை நீ தெரிந்துகொள். உன்னைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு உன் அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவாள். பால் கொடுக்கிற நேரம் வந்ததும் கூடையை வரிசையிலேயே இறக்கி வைத்துவிட்டு அந்தச் சரிவில் ஓடி வருவாள். ஓடி வரும்போதே சட்டை நனைந்திருக்குமாம். தாமதமாகத் திரும்பினால் கங்காணி கத்துவான், அவளும் திருப்பிக் கத்துவாள். அவள் சண்டைக்காரி என்று தோட்டத்தில் பெயர் வந்ததே அதில்தான். நான் ஸ்டோரில் சூட்டில் நின்று, எனக்குத்தான் உலகத்துக் கஷ்டமெல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் போன மாதம்தான் அவள் எனக்குச் சொன்னாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீங்க எங்க கேட்டீங்க என்றாள்.

பிறகு உன் போன் வந்தது. புறக்கோட்டையில் துணிக்கடையில் நிரோஷாவுக்கு மடித்து அடுக்கிற வேலை இருக்கிறது, முதலாளியிடம் சொல்லிவிட்டேன், தனியாக ஒரு ரூமும் பார்த்துவிட்டேன் என்றாய். அதுவரைக்கும் சரி. "புள்ளைய பால்மாவுக்கு மாத்துங்கம்மா, நீங்கதான் மலைய விட்டு நின்னுட்டீங்களே, ஒங்ககிட்ட இருக்கட்டும். டவுனு புள்ளைங்க எல்லாம் பால்மாதான் குடிக்குது" என்று நீ சொன்னபோது போன் கட்டிலின் மேல் இருந்தது. பிள்ளைக்கு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நிரோஷா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு என்ன தோணுதும்மா என்று நீ அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உன் அம்மா, "சரிப்பா, பாக்குறேன்" என்றாள். அவளைத் திட்டாதே, மகன் சொன்னால் அவளுக்கு அதுதான் முடிவு.

இனி வருவதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மருந்து வாங்க நான் தலவாக்கலை போனேன். புறப்படும்போது உன் அம்மா, "ரெண்டு மொழம் மல்லி வாங்கிட்டு வாங்க, நெருக்கமா கட்டுனதாப் பாத்து" என்றாள். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே சந்தோஷம். பிள்ளை பெற்றதிலிருந்து அந்தப் பெண் தலையில் பூவே வைக்கவில்லை. கூட்டிக்கொண்டு வந்த மருமகள் என்று உன் அம்மாவும் அவளுக்கு ஒரு பூ வாங்கிக் கொடுத்ததில்லை. இப்போது கொழும்புக்குப் போகப்போகிறாளே, மனசு இளகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். இந்தக் குளிரில் மல்லிகை எங்கே பூக்கிறது, கீழேயிருந்து பஸ்ஸில் வர வேண்டும், நெருப்பு விலை சொன்னான். என்றாலும் இரண்டு முழம் கேட்டதற்கு நான்கு முழமாக வாங்கினேன். மாமியாருக்கு இரண்டு, மருமகளுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டு, வாடாமல் இருக்கட்டும் என்று பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

பொட்டலத்தை நிரோஷாவிடமே நீட்டினேன். "நெறைய வாங்கியிருக்கேன்மா" என்றும் சொன்னேன். அவள் வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. உன் அம்மா குறுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். பிள்ளைக்கு நேரமாயிற்று என்று நான் வழக்கம்போல இறங்கி மடுவத்துக்குப் போய்விட்டேன். இருட்டும்போது திரும்பி வந்தேன். காம்பரா முழுவதும் மல்லிகை மணக்கிறது. அவள் தலையில் ஒரு பூ இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை உன் அம்மா தோளில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது.

"பூவ வெக்கலியாம்மா?" என்று கேட்டேன்.

உன் அம்மாதான் பதில் சொன்னாள். "கட்டியிருக்கு. நீங்க வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க."

எங்கே கட்டியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை நெஞ்சில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். பிள்ளை செத்துப் பிறந்தால் கட்டுவார்கள். எங்கள் அக்கா ஒருத்திக்குக் கட்டியதை நான் சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறேன், மறந்தே போயிருந்தேன். நம் பிள்ளை உயிரோடு, இரண்டு அடி தள்ளி, அந்தப் பாலுக்காகக் கத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் பூவை நான் வாங்கிக்கொண்டு வந்து, நிறைய வாங்கியிருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டு அவளிடம் நீட்டியிருக்கிறேன். கூட வாங்கிய இரண்டு முழத்தையும் வீணாக்காமல் மறுநாள் மாற்றிக் கட்டினார்கள். அவிழ்த்துப் போடு என்று நான் கத்தியிருக்கலாம். பெண்கள் விஷயம் என்று வெளியே போய் நின்றேன். வெளியே போய்ப் போய் அந்தப் பழக்கம் எனக்கு நன்றாக வந்துவிட்டிருந்தது.

காய்ச்சலில் கிடந்தாள். நெஞ்சு கல்லாகக் கட்டிக்கொண்டது என்று உன் அம்மாவே பயந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று. பிள்ளை முதலில் போத்தலைத் துப்பிற்று. பசி வந்தபிறகு குடித்தது. உன் அம்மா குறை வைக்காமல்தான் பார்த்தாள். போத்தலைச் சுடுதண்ணீரில் கழுவுவாள், வெள்ளைத் துணியில் துடைப்பாள். ஆனால் பால்மா டின் சீக்கிரம் தீர்ந்தது. நீ அனுப்பும் காசு வரும்வரை இருப்பது போத வேண்டுமே என்று ஒரு கரண்டியைக் குறைத்துக் கலக்கினாள். அந்த வாரம் அடைமழை. குழாயில் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. விறகெல்லாம் நனைந்து, தண்ணீர் சரியாகக் கொதித்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளைக்கு வயிற்றாலே போக ஆரம்பித்தது. பல் முளைக்கிறது என்றார்கள். மறுநாள் கண் உள்ளே போய்விட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை. நிரோஷா பிள்ளையை ஒரு சீலையில் சுற்றிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினாள். நான் பின்னாலே ஓடி ஒரு த்ரீவீலரை மறித்தேன்.

போனில் உன்னிடம் "புள்ளைக்குக் கொஞ்சம் சொகமில்ல" என்றுதான் உன் அம்மா சொன்னாள். கொஞ்சமில்லை தம்பி. ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் தலையில் குத்தினார்கள். பெரிய டாக்டர் நிரோஷாவைப் பார்த்து, இவள் அக்காவா அம்மாவா என்று கேட்டார். தாய்ப்பால் ஏன் நிறுத்தினாய் என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டபோது, அவள் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. "கிரி நே" என்றாள், பால் இல்லை என்று. இந்தச் சின்னப் பெண்களே இப்படித்தான், அழகு கெட்டுவிடுமென்று கொடுக்கமாட்டார்கள் என்று நர்ஸ் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனாள். நான் கதவோரம் நின்று கேட்டேன். 

பிள்ளை பிழைத்தது. கண்ணைத் திறந்து பார்த்ததும், திரும்பத் தாய்ப்பால் கொடுத்துப் பார், வாய் வைக்க வைக்க ஊறினாலும் ஊறும் என்றார்கள். அவள் விடாமல் பார்த்தாள். பார்வை நேரத்தில் நான் கஞ்சி கொண்டுபோய் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து என் முன்னால் நின்றாள். என் முன்னால் பிள்ளையை அணைக்கவே கூசியவள், பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் சொன்னாள்.

"வர மாட்டேங்குது மாமா. அவ வாய் வெக்கிறா, வர்லன்னதும் என்னையப் பாத்துக் கத்துறா. மூஞ்சியத் திருப்பிக்கிறா."

 பெஞ்சில் உட்கார்ந்தபடி அழுதேன். எனக்கு அழுகை வந்தால் இருமலும் வந்துவிடும், உனக்குத் தெரியுமே. அவள்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதமாயிற்று. பிள்ளை மெலிந்துதான் இருக்கிறது, ஆனால் குடிக்கிறது, சிரிக்கிறது. உன் அம்மா இப்போது கரண்டியைக் குறைப்பதில்லை, தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பக்கத்திலேயே நிற்கிறாள். பிள்ளை அழுதால் அவளைத்தான் தேடுகிறது, போத்தல் இருப்பது அவள் கையில்தானே. நிரோஷா கூட்டுகிறாள், துணி துவைக்கிறாள், மற்ற நேரம் இஸ்தோப்பில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறாள். பாட்டு இல்லை. நான் இப்போது வெளியே போக வேண்டிய அவசியமும் இல்லை. நீ திரும்பவும் போன் பண்ணி ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதும், நான் உன் அம்மாவிடம், போகவேண்டாம், பிள்ளையை விட்டுப் பிரிக்கவேண்டாம் என்று சண்டை பிடித்தேன். முதல்தடவை நான் வாயைத் திறந்தேன். நிரோஷாதான் நடுவில் வந்தாள்.

"நான் போறேன் மாமா. இங்க இருந்தா அவ அழுவுறப்பெல்லாம் நான் எந்திரிக்கிறேன். எந்திரிச்சு என்ன செய்ய?"

அவள் சொன்னதற்காகத்தான் அனுப்புகிறேன். நீ சொன்னதற்காக இல்லை. பால் இல்லாத பெண் என்று யார் பேசினாலும், அது உன் வாயிலிருந்து வரக்கூடாது. நிறையப் பால் இருந்தது. உன் ஒரு பேச்சும் என் நான்கு முழமும் சேர்ந்து அதை வற்ற வைத்தோம். அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. வந்த வாரமே கலியாணத்தைப் பதிவு செய். ரூமுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் முதலில் அதைப் போடு. அவள் வாழ்ந்த இரண்டு வீட்டிலும் அவளுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததில்லை. மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு வா, லீவு கிடைக்கவில்லை என்று கதை சொல்லாதே. பிள்ளை அவளிடம் வர மறுத்து அழும். முதல் சில தடவை கட்டாயம் அழும். அப்போது சிரித்துவிடாதே, பரவாயில்லை என்றும் சொல்லாதே. பக்கத்தில் உட்கார்ந்திரு. எந்த விஷயத்தையும் அவளைக் கேட்டபிறகு முடிவு பண்ணு. கேட்டுவிட்டு, அவள் உடனே பதில் சொல்லாவிட்டால் காத்திரு, அவளுக்குப் பேச்சு வர நேரமாகும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். உனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

நேற்று அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு எழுதுகிறேன், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். பிறகு கையிலிருந்த சட்டையை மடித்து, பிரித்து, திரும்ப மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அவருகிட்ட எனக்குச் சொல்ல வராது மாமா. நீங்க எழுதுறீங்களா?"

"சொல்லும்மா."

"இன்னொரு புள்ள வேணாம்னு எழுதுங்க. இப்போதைக்குன்னு எழுதாதீங்க. நானா கேக்குற வரைக்கும்னு எழுதுங்க."

ஒரு மருமகள் மாமனாரிடம் சொல்லக்கூடிய பேச்சில்லை. ஒரு அப்பன் மகனுக்கு எழுதக்கூடியதும் இல்லை. நம் பக்கத்தில் இதை யாரும் யாரிடமும் சொன்னதில்லை, அதனால்தான் பள்ளிக்கூடப் பையோடு வந்த பிள்ளைகள் வரிசையாகத் தாயாகிக்கொண்டிருக்கிறார்கள். எழுதிவிட்டேன். அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போ, நீ வெளியே நிற்காதே, பிள்ளை தங்காமலிருக்க என்ன வழி என்று உள்ளே போய்க் கேட்டுக்கொள். அவளாகக் கேட்கிற நாள் வராமலே போனாலும் நீ கேட்கக்கூடாது.

இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் முதலில் இதைத்தான் உன்னிடம் நீட்டுவாள். அங்கேயே படி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நீ படித்து முடிக்கும்வரை பையைத் தோளிலிருந்து இறக்காமல் உன் எதிரில் நின்றுகொண்டிருப்பாள். நிமிர்ந்து பார்த்து, சரி என்று சொல். நீ அதைச் சொல்லாவிட்டால் அடுத்த ரயிலில் திரும்பி வரச் சொல்லியிருக்கிறேன். டிக்கெட்டுக்குக் காசையும் அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

அப்பா